"மூர்" என்ற பெயர் எமக்கு எப்படி வந்தது?



எமது பிறப்புச் சான்றிதழில் தமிழில் "இலங்கைச் சோனகர்" என்றும் ஆங்கிலத்தில் "மூர்" என்றும் இருக்கிறது. இதை வைத்து, "நீங்கள் மொரோக்கோவிலிருந்து வந்தவர்கள்தானே?" என்று கேட்போர் உண்டு. எம்மவர்களிலும் சிலர் அப்படியே நம்புகின்றனர். ஆகவே இந்தச் சொல்லின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வடமேற்கு ஆபிரிக்காவின் ஒரு பகுதியை ரோமர் "மௌரெத்தானியா" என்றனர். அங்கு வாழ்ந்தவர்களை "மௌரி" என்றனர். மூர் என்பதன் வேர் இதுவே. மொரோக்கோ என்ற பெயரோ மராகேஷ் நகரின் பெயரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

கி.பி. 711இல் தாரிக் பின் ஸியாத்தின் படை ஸ்பெயினில் இறங்கியது. அதில் பெரும்பாலோர் வட ஆபிரிக்க பேர்பர்கள். அதனால் ஐபீரியக் கிறிஸ்தவர்கள் அவர்களை அந்தப் பழைய பெயராலேயே அழைத்தனர். காலப்போக்கில் முஸ்லிம் என்றாலே "மூர்" என்றாகியது.

1505இல் போர்த்துக்கேயர் இங்கு வந்தபோது அந்தச் சொல்லும் கூடவே வந்தது. தமிழ் பேசிய எமது முன்னோரையும் அவர்கள் அப்படியே அழைத்தனர். பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை ஸ்பானியர் "மோரோ" என்றதும் இதே கதைதான். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைத் தொடர்ந்தனர். ஆங்கிலேயர் ஒரு காலத்தில் இந்துஸ்தானி மொழியைக்கூட "மூர்ஸ்" என்றனர்!

"சோனகர்" என்பதும் "யவனர்" என்பதன் வழிவந்த சொல்தான். முதலில் கிரேக்கரையும் பின்னர் அரபியரையும் குறித்தது. சிங்களத்தில் "யோனக" என்பதும் அதுவே.

பின்னர் இந்தப் பெயர் அரசியலாகவும் மாறியது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் எழுதிய கட்டுரை 1888இல் வெளியானது. அதை மறுத்து, எமது அரபு வழியை வலியுறுத்தி ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூல் எழுதினார். சட்டசபையில் எமக்கெனத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வியும் இதற்குள் இருந்தது. பிறர் வைத்த பெயரையே எம்மவர்கள் உரிமை கேட்கும் பெயராக்கினர்.

ஆக, "மூர்" என்பது வந்தவன் எம்மை எப்படிப் பார்த்தான் என்பதைத்தான் சொல்கிறது. நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லவில்லை. அதற்கான சான்றுகள் வேறு. கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்வெட்டு ஹிஜ்ரி 337ஆம் ஆண்டுக்குரியது. அதாவது போர்த்துக்கேயர் வருவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியது. வீடுகளில் பழைய அரபுத் தமிழ் ஏடுகள் இருந்தால் அவற்றைப் பத்திரப்படுத்துவோம். மூத்தவர்களிடம் குடும்ப வரலாற்றைக் கேட்டு எழுதி வைப்போம். எமது வரலாற்றை நாமே எழுதாவிட்டால், பிறர் வைத்த பெயரை வைத்தே பிறர் அதை எழுதிவிடுவர்.