தோலுரித்த உருவமும் உயிருள்ள தோளும்: உருவ ஓவியக் கல்வியில் உடற்கூறியல்

உருவ ஓவியம் பயிலும் மாணவர்க்கு உடற்கூறியலைத் தசைகளின் பெயர்ப்பட்டியலாகக் கற்பிப்பது பல இடங்களில் இன்றும் வழக்கம். தோலுரித்த உருவ வார்ப்பு ஒன்றை முன்னால் வைத்து அடுக்கடுக்காக வரைந்துவிட்டால் பாடம் முடிந்தது என்று கொள்கிறார்கள். இம்முறை தலைகீழானது என்பதே என் வாதம். மூட்டு எப்படித் திரும்புகிறது, எந்தத் தசை எப்போது உழைக்கிறது என்பதே ஓவியர் முதலில் அறிய வேண்டியது. அதைச் சடலம் சொல்லாது.

லண்டன் ராயல் அகாதமியின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 1768இல் நிறுவப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் உடற்கூறியல் பேராசிரியர் வில்லியம் ஹன்டர். தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலை 1776இல் அவர் தோலுரித்துத் தர, சிற்பி அகோஸ்டினோ கார்லினி வார்ப்பெடுத்தார். காயம்பட்டு மடியும் கௌல் வீரனின் பழஞ்சிலை எந்நிலையில் இருக்கிறதோ, அதே நிலையில் அவ்வுடலை அமர்த்தியிருந்தார்கள். இறந்தவர் கடத்தல்காரர் என்று கருதப்பட்டதால் அதற்கு ‘ஸ்மக்ளீரியஸ்’ என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1801இல் சிற்பி தாமஸ் பாங்க்ஸ், அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூவின் துணையுடன், தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் லெக்கின் உடலைச் சிலுவையில் அறைந்து வார்த்தெடுத்தார். சிலுவைக் காட்சி ஓவியங்களில் உடலமைப்பு சரிதானா என்று சோதிப்பதே நோக்கம். இறந்தவரின் இசைவைக் கேட்காமல் பெறப்பட்ட பாடங்கள் இவை என்பதை இன்று அவற்றை வரையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கிடைத்தது என்ன? அந்தக் கௌல் வீரனைப் போல ஒரு கையை ஊன்றிச் சரிந்திருக்கும் உயிருள்ள உடலில், ஊன்றிய கையின் முத்தலைத் தசை முழங்கையை மடங்கவிடாமல் இறுகும். பாரம் தாங்கும் தோள் காதை நோக்கி எழும்பும். பாரமற்ற கையின் தசைகள் தளர்ந்து கிடக்கும். இந்த இறுக்கமும் தளர்வும்தான் உருவத்துக்கு உயிர் தருவன. சடல விறைப்போ உழைக்கும் தசை, ஓய்ந்த தசை என்று பார்ப்பதில்லை. ஆகவே தசைகளின் இருப்பிடத்தை வார்ப்பு நேர்மையாகக் காட்டுகிறது, செயலைக் காட்டுவதில்லை.

லியோனார்டோ பிணங்களை அறுத்தே கற்றார் என்று எதிர்வாதம் எழலாம். உண்மைதான், ஆனால் அறுத்தவர் எதைத் தேடினார் என்று பார்க்க வேண்டும். வின்ட்சர் தொகுப்பிலுள்ள, 1510–11 காலத்துத் தாள்களில் ஒரே தோளைப் பல கோணங்களில் சுற்றிச்சுற்றி வரைந்திருக்கிறார். சில படங்களில் தசைகளை வெறும் கயிறுகளாகச் சுருக்கி, அவை எத்திசையில் இழுக்கின்றன என்று காட்டுகிறார். எல்லாத் தசைகளையும் ஒருங்கே புடைக்கச் செய்யும் ஓவியர்களை அவரே கண்டித்தும் இருக்கிறார்.

அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்றை வாசகர் இப்போதே சோதிக்கலாம். முழங்கையை மடக்கி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு, மெல்ல மேல்நோக்கித் திருப்புங்கள். மேற்கையின் இருதலைத் தசை திரள்வதை மறு கையால் தொட்டு உணரலாம். கையை மடக்குவதோடு உள்ளங்கையைத் திருப்புவதும் அதன் வேலை. உள்ளங்கை கீழ்நோக்கும்போது, கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்பு சுண்டுவிரல் பக்கத்து அல்னாவைக் குறுக்கே கடந்து கிடக்கும். அல்னா பெரும்பாலும் அசையாது. இதை அறிந்தவர் முன்கையை உருளையாக வரையமாட்டார். அதுபோலவே, தலைக்கு மேல் 180 பாகை கை உயரும்போது சுமார் 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியால் வருகிறது. தசைப்பெயர்கள் அத்தனையும் ஒப்பிக்கும் மாணவர்கூட அந்த எலும்பை முதுகில் அசையாமல் நிறுத்திவிட்டுக் கையை மட்டும் உயர்த்துவதுண்டு. உருவம் பொம்மையாகிப்போவது அங்கேதான்.

சென்னையில் 1850இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஓர் அறுவை மருத்துவர். அப்பள்ளியின் வழிவந்த கவின் கலைக் கல்லூரியும் சென்னை மருத்துவக் கல்லூரியும் ஒரே ஈ.வெ.ரா. பெரியார் சாலையில்தான் இருக்கின்றன. இரண்டின் ஆசிரியர்களும் சேர்ந்து முதலாண்டுப் பாடத்தை வகுக்க வேண்டும்: ஓர் எலும்புக்கூடு, அதன் பக்கத்தில் அசைந்து காட்டும் உயிருள்ள மாதிரி. தோலுரித்த வார்ப்பு இரண்டாம் ஆண்டில் வரட்டும்.