ஒன்றிய ஜீப்பும் அதன் லாக் புக்கும்

ஜீப் என்றால் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் அரசாங்கம் என்று அர்த்தம். மானாம்பதிக்குள் புழுதி கிளம்பினால் பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். பெரியவர்கள் திண்ணையிலிருந்து எழுந்து துண்டைச் சரிசெய்துகொள்வார்கள். வந்திருப்பது அம்மை குத்தவா, குடும்பக் கட்டுப்பாட்டுக்கா, கடன் வசூலுக்கா என்பது வண்டி நின்ற பிறகுதான் தெரியும். இன்று அதே சாலையில் அரைக்கோடி ரூபாய் வண்டிகள் போகின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பெரிய வண்டியைச் சொந்தமாக வாங்குவதா, மாதாமாதம் பணம் கட்டி லீசுக்கு எடுப்பதா என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். ஏர் சஸ்பென்ஷன் போனால் இத்தனை, டயர் நான்கும் மாற்றினால் இத்தனை என்று செல்போனிலேயே கணக்குப் போடுகிறார்கள். அந்த வண்டிகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது அரசாங்க ஜீப்பின் கணக்கு. ஆனால் இதே கேள்வியை அரசாங்கமும் கேட்டது. முதலில் ஒரு பதில் சொன்னது, பிற்பாடு அதற்கு நேர்மாறான பதில் சொன்னது.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரே ஜீப்பைப் பற்றியதுதான். 1948இல் காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் வழக்கமான நடைமுறையை விட்டுவிட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வாங்கியவை பழுதுபார்த்த பழைய ஜீப்புகள். வந்து சேர்ந்தவை 155. அவையும் ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்றார்கள். 1955இல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே மேனன் மந்திரியானார். அரசியலை விடுங்கள். விலை மலிவு என்று பழைய வண்டி பார்க்கப் போகும் எவருக்கும் அந்த 155 ஜீப்புகள் ஞாபகம் வர வேண்டும்.

1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டாரம் என்று ஒன்று ஏற்பட்டதும் அதற்கொரு பி.டி.ஓ., அவருக்கொரு ஜீப் என்று ஆயிற்று. 1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு அது ஒன்றிய ஜீப் ஆனது. அந்தக் காலத்துக்கு அது சொகுசு வண்டிதான், உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்தாலும்! தாசில்தாரே பஸ்ஸில் போன ஊர்களுண்டு.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்து ஒன்றிய அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். என் மேசைக்கு முதலில் வந்தது ஜீப்பின் லாக் புக். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், பயணத்தின் காரணம், கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், அதிகாரியின் கையெழுத்து. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். 1973 அக்டோபரில் அரபு இஸ்ரேல் போர் வந்து, பீப்பாய் 3 டாலர் விற்ற கச்சா எண்ணெய் அடுத்த ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. பிறகு ஒவ்வொரு லிட்டருக்கும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

எங்கள் டிரைவர் அண்ணன் கிராமச் சாலையில் போகும்போதே காதைத் தீட்டி வைத்திருப்பார். "தம்பி, முன்பக்கம் பட்டை ஒண்ணு விட்டிருக்கு. இப்பவே நோட்டு போடுங்க. இல்லேன்னா அடுத்த மாசம் மூணு பட்டைக்குப் போடணும்" என்பார். இறங்கிப் பார்த்தால் ஸ்பிரிங் பட்டையில் ஒன்று முறிந்திருக்கும். ஸ்டியரிங் ஆடினால் கிங் பின் தேய்ந்துவிட்டது என்பார், அதுவும் சரியாக இருக்கும். பிரெஞ்சில் பராமரிப்புக்கு 'ஆந்த்ரத்தியேன்' என்று பெயர். அதே சொல்லுக்கு இருவர் உட்கார்ந்து பேசுவது என்றும் பொருள். பள்ளியில் வாத்தியார் சொன்னபோது விளங்காதது, இவர் வண்டியோடு பேசுவதைப் பார்த்தபோது விளங்கிற்று.

அரசாங்கக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே தேய்மானம் கிடையாது. வியாபாரி லாரி வாங்கினால் வருஷாவருஷம் அதன் மதிப்பைக் குறைத்து எழுதுவார், அடுத்த லாரிக்கும் மனசைத் தயார் செய்துகொள்வார். நாங்கள் வாங்கிய வருஷத்தில் முழு விலையையும் செலவு எழுதிவிடுவோம், அதோடு சரி. புது வண்டி வேண்டுமென்றால் புதிதாக உத்தரவு வர வேண்டும். அது லேசில் வராது. ரிப்பேருக்கோ எப்படியாவது பணம் கிடைக்கும். அதனால்தான் புது வண்டியின் விலையை ரிப்பேரிலேயே விழுங்கிய ஜீப்புகளும் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் அரசு தானியங்கிப் பணிமனைக்காரர்கள் பார்த்துக் கண்டெம் செய்து சான்று தர வேண்டும், பிறகு ஏலம். சான்று வரும்வரை அலுவலக வேப்பமரத்தடியில் நிற்கும், அதன்மேல் கோழி முட்டையிடும்.

நடுவில் டீசல் வந்தது. மகிந்திரா கம்பெனி 1979இல் பிரான்சின் பெழோ கம்பெனியோடு இன்ஜினுக்கு ஒப்பந்தம் செய்தது. மெக்கானிக்குகள் 'பீஜாட் இன்ஜின்' என்பார்கள். நான் 'பெழோ' என்று சொல்லிப் பார்த்தேன். "சார், பேர் எதுவா இருந்தா என்ன, பம்ப் காலிபரேஷனுக்கு மெட்ராஸ் போகணும்" என்றார்கள். எரிபொருள் செலவு நன்றாகக் குறைந்தது. ரிப்பேர் பில் ஒவ்வொன்றும் பெரிதானது. மொத்தத்தில் டீசல்தான் லாபம். ஆனால் தணிக்கைக்காரர் கண்ணில் படுவது பெரிய பில்தான்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு காற்று திசை மாறியது. சிக்கனம் என்று சொல்லிப் புது வண்டிக்குத் தடை. 2001இல் தமிழ்நாடு அரசு புது ஆள் எடுப்பதற்கும் தடை போட்டது. டிரைவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலி. ஜீப் கண்டெம் ஆனால் அந்த இடமும் காலி. அப்படித்தான் பல துறைகளில் மாத வாடகைக் கார் நுழைந்தது. வண்டி, டிரைவர், ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. முன்பு வாங்க ஒரு தலைப்பு, பராமரிக்க ஒரு தலைப்பு, பெட்ரோலுக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று நான்கு இடத்தில் தெரிந்த செலவு, வாடகை என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டது. கோப்பு மெலிந்தது. செலவு மெலிந்ததா? வண்டியின் தேய்மானமும் வங்கி வட்டியும் ஒப்பந்தக்காரரின் லாபமும் அந்த வரிக்குள்தான் இருந்தன. எந்தப் பட்டை எப்போது முறிந்தது என்று சொல்ல ஆளில்லை.

2017இல் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 10,000 மின்சாரக் கார்களுக்கு டெண்டர் விட்டது, அரசு அலுவலகங்களுக்கு லீசில் கொடுப்பதற்காக. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று சட்டம் வந்துவிட்டது. வேப்பமரத்தடி ஜீப்புகளுக்கும் அதோடு விடுதலை.

வாடகை முறையை நான் குறை சொல்லவில்லை. ஓடாத ஜீப்புக்குச் சம்பளம் வாங்கும் டிரைவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், வெட்டி வைத்ததை நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் அறிவோம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் நெருங்கிய உறவுகளும் குடவோலையில் நிற்க முடியாது. பொதுக்காசில் ஓடும் வண்டிக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும் என்பது என் கட்சி. வாடகை வண்டியிலும் லாக் புக் இருக்கிறது, கிலோமீட்டர் மட்டும் எழுதுகிறார்கள்.

தனியார் லீசும் இதே ஜாதிதான். மாதத் தொகைக்குள் என்ன அடங்குகிறது, வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்வரை, திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கு யார் பணம் கட்டுவது, டயரும் பேட்டரியும் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல்கிறேன். சொந்தமாக வாங்குகிறவர்களிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி டாஷ்போர்டில் வைக்கச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் போட்டு வண்டி வாங்கி, ஓர் அலுவலகத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான், அவனே டிரைவர். வாடகை பில் மூன்று மாதமாகப் பாஸாகவில்லை. தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வங்கியில் பிடித்துவிடுகிறார்கள். முன் டயர் இரண்டும் வழுக்கை. "பில்லு வந்ததும் மாத்திடறேன் தாத்தா" என்கிறான். முன்பு ஒன்றிய ஜீப்பின் டயர் தேய்ந்தால் நான் நோட்டு எழுதுவேன், பி.டி.ஓ. கையெழுத்துப் போடுவார், சர்க்கார் பணம் கொடுக்கும். இப்போது அந்த டயர் அவன் பெண்டாட்டியின் வளையலில் தொங்குகிறது. அதிகாரி பின்சீட்டில் உட்கார்ந்து தினமும் வேலூர்வரை போய்வருகிறார்.