இதயத்தின் கடமைகள்: அந்தலூசியா தந்த ஓர் அறநூல்

அரபு எழுத்தில் தமிழ் எழுதும் மரபு காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் செழித்திருந்தது. அதனை அறிந்த நமக்கு, அந்தலூசிய யூதர் எபிரேய எழுத்தில் அரபு எழுதினர் என்பது வியப்பளிக்காது.

அவ்வாறு எழுந்த நூல்களுள் ஒன்று 'அல்ஹிதாயா இலா ஃபராயிளில் குலூப்'. இதயக் கடமைகளுக்கு வழிகாட்டி என்பது இதன் பொருள். ஸரகுஸ்தா நகர யூத நீதிபதி பஹ்யா இப்னு பகூதா 1080ஆம் ஆண்டளவில் இதனை இயற்றினார். உடலுறுப்புகளின் கடமைகளை விரித்துரைத்த அறிஞர்கள் உள்ளத்தின் கடமைகளைப் புறக்கணித்தனர் என்பதே அவரது மனக்குறை. நூலின் பத்து வாயில்களுள் தவக்குல், இக்லாஸ், தவ்பா, முஹாஸபா, ஸுஹ்து ஆகியன இடம்பெறுகின்றன. சூஃபியர் வகுத்த மகாம்களின் சாயலை இவற்றில் காண்கிறோம்.

போர் முடித்துத் திரும்பியோரிடம், சிறிய போர் முடிந்தது, இனி மன இச்சையை எதிர்க்கும் பெரிய போருக்கு ஆயத்தமாகுங்கள் என்று இறையடியார் ஒருவர் கூறியதாகப் பஹ்யா எழுதுகிறார். இதனை நாம் நபிமொழியாகக் கேட்டு வந்துள்ளோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பார் இமாம் பைஹகீ. பஹ்யா மூலத்தைப் பெயர்சுட்டிக் கூறவில்லை. ஆயினும் பிற சமூகத்தார் உரைக்கும் ஞானமும் ஏற்கத்தக்கதே என்று முன்னுரையில் ஒப்புகிறார்.

1161இல் தொடங்கி யஹூதா இப்னு திப்பூன் இந்நூலை எபிரேயத்தில் பெயர்த்தார். யூத சமயக் கல்விக்கூடங்களில் இது இன்றும் பயிலப்படுகிறது.

இன்று யூதரையும் முஸ்லிம்களையும் பகையின் வழியாகவே பேசிப் பழகிவிட்டோம். அநீதியைக் கண்டிக்கும்போதும் இவ்வறிவுறவை வரலாற்றிலிருந்து நீக்கிவிட நமக்கு உரிமையில்லை. தன் செயலைத் தூண்டிய எண்ணம் எதுவென்று நாள்தோறும் தன்னையே வினவும் முஹாஸபா இரு சாராருக்கும் உரிய கடமையாகும்.