அசையும் மனிதனின் மூளை

1890-களின் தொடக்கத்தில், ஜெர்மானியப் படையில் பயிற்சி பெற்றுவந்த ஹான்ஸ் பெர்கர் என்னும் இளைஞர் குதிரையினின்று தவறிப் பீரங்கி வண்டியின் பாதையில் வீழ்ந்தார். வண்டி நின்றமையால் உயிர் பிழைத்தார். அன்றே தந்தையிடமிருந்து நலம் வினவித் தந்தி வந்தது. தொலைவிலிருந்த உடன்பிறந்தாளின் மனத்தில் காரணமின்றி அச்சம் எழ, அவளே தந்தி அடிக்கச் செய்தாளாம். மூளைக்கு மூளை ஏதோ ஓர் ஆற்றல் செல்கிறதென்று பெர்கர் நம்பினார். நம்பிக்கை பிழையே. ஆயினும் அப்பிழைதான் அவரை முப்பதாண்டு உழைக்க வைத்தது.

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்பதை 1875-லேயே லிவர்ப்பூலில் ரிச்சர்டு கேட்டன் கண்டிருந்தார். மனித மூளையின் மின்னலைகளை 1924-ல் ஜேனா நகரில் முதன்முதல் பதிந்தவர் பெர்கரே. ஐந்தாண்டு தயங்கி, 1929-ல்தான் வெளியிட்டார். கண்மூடி அமைதியாய் இருப்பவரிடம் நொடிக்குப் பத்தளவில் அலைகள் எழும். கண் திறந்ததும் அவை அடங்கும். பலர் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூசும் மெய்ப்பித்த பின்னரே உலகம் ஏற்றது.

இங்கே ஓர் இடர்ப்பாடு. மண்டையின் மேற்புறத்தில் கிட்டும் இம்மின்னழுத்தம் ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சமாய்ப் பகுத்தால் அதில் சில பத்துப் பங்குகளே. கண் இமைத்தாலும், பல்லைக் கடித்தாலும், தசையின் மின்சாரம் வெள்ளம்போல் வந்து மூளையின் மெல்லலையை மூடிவிடும். ஆகவே ஆய்வுக்கு வருபவர் ஆடாது அசையாது அமர வேண்டும். 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று தோட்டப் பள்ளியில் நெடுங்காலம் ஆணையிட்டவன் நான். இதைப் படித்தபோது சற்றே நாணினேன். பால்மரம் சீவுபவரின் மூளைத்திறன் அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதா வெளிப்படும்?

உடலசைவைப் பதியும் கலையோ தனிவழியே வளர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் மாரே 1882-ல், நொடிக்கு 12 படம் பிடிக்கும் துப்பாக்கி வடிவப் படக்கருவி செய்தார். பின்னர், கருப்புடை உடுத்திய ஒருவரின் கைகால்களில் வெண்கோடுகள் இட்டு, கருந்திரையின் முன் நடக்கவிட்டுப் படமெடுத்தார். படத்தில் ஆள் மறைந்து நடை மட்டும் நின்றது! இன்று உடலில் ஒளிர்புள்ளிகள் ஒட்டி அசைவை அளப்பதும் அம்முறையின் வழித்தோன்றலே.

இவ்விரண்டையும் இணைக்கத் துணைபுரிந்தது மெய்நிகர் உலகம். 1968-ல் அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் திரையொன்றை அமைத்தார். தலை திரும்பினால் காட்சியும் திரும்பும். பளு மிகுதியால் அதனைக் கூரையினின்று தொங்கவிட நேர்ந்தது.

இதனால் மூளையாய்வுக்கு என்ன பயன்? உடலை நகர்த்தாமல் உலகை நகர்த்தலாம். 2009-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர் ஒரு சுண்டெலியின் தலையை அசையாது பொருத்தி, காற்றில் மிதக்கும் பந்தின்மேல் ஓடவிட்டனர். பந்து உருள, எதிர்த்திரையில் பாதை நகரும். உருளலை அளந்தது கணினியின் 'எலி'! தலை அசையாமையால், ஓடும்போதே மூளையின் ஒற்றை உயிரணுவினுள் நுண்முனை செலுத்திப் பதிய முடிந்தது.

எனினும் பொய்யுலகம் மெய்யுலகுக்கு முற்றும் ஈடாகுமா? 2013-ல் லாஸ் ஏஞ்செல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் எலிகளை ஆராய்ந்தபோது, இடமறியும் உயிரணுக்கள் நேருலகில் விழித்த அளவுக்கு மெய்நிகர் உலகில் விழிக்கவில்லை. காட்சி மட்டும் போதாது. மணமும், உடல் பெயரும் உணர்வும் வேண்டும் போலும்.

2020-ல் அதே பல்கலைக்கழகத்தார், வலிப்பு நோய்க்காக மூளையில் முன்பே கருவி பொருத்தப்பெற்ற நோயாளரை எழுந்து நடக்கச் செய்தனர். அவர்கள் மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து உலவ, மூளையலையும் உடலசைவும் ஒரே காலக்கணக்கில் பதிவாயின.