பிரேக் பிடித்தால் ஏன் இழுக்கிறது?

பழைய நாளில் நம் ஊர்த் தேருக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. இரண்டு வேலையையும் முட்டுக்கட்டைதான் செய்தது. ஒரு பக்கத்துச் சக்கரத்தின் அடியில் கட்டையைச் சரித்துக் கொடுத்தால் தேர் திரும்பும். இரு பக்கமும் கொடுத்தால் நிற்கும். ஒரு சக்கரம் மட்டும் தடைப்பட்டால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும் என்பது கட்டை போடுகிறவருக்குக் கைப்பழக்கமான பாடம். மேல்நாட்டு எஞ்சினீயர்கள் இதே பாடத்தை மோட்டார் காரில் படித்து முடிக்க ரொம்பச் சிரமப்பட்டார்கள்.

ஆரம்ப காலத்துக் காரில் திருப்புவது ஒரு காரியம், நிறுத்துவது வேறு காரியம். திருப்புவதே அப்போது பெரிய வித்தையாக இருந்தது. முன் அச்சு முழுவதையும் நடு ஆணியில் சுழற்றுகிற குதிரை வண்டி முறையை மாற்றி, ஒவ்வொரு சக்கரமும் தன் தன் முளையில் தனியாகத் திரும்பும்படி 1817-ல் செய்து காட்டியவர் ம்யூனிக் நகரத்து வண்டி கட்டும் லாங்கென்ஸ்பெர்கர். அதற்கு மறு வருஷம் லண்டனில் பேடண்ட் வாங்கியவர் அவருடைய பிரதிநிதி ஆக்கர்மன். பெயர் யாருக்கு நிலைத்தது என்று கேட்கிறீர்களா? பேடண்ட் வாங்கியவருக்குத்தான்! இந்த ஏற்பாடு இருந்தும் கார்ல் பென்ஸ் தமது முதல் காரை மூன்று சக்கரத்தோடு விட்டார். நாலு சக்கர வண்டியைத் திருப்புகிற முறை எதுவும் அவருக்குத் திருப்தியாகப் படவில்லை. 1893-ல்தான் அவரும் இரட்டை முளைக்கு வந்து சேர்ந்தார்.

நிறுத்துகிற விஷயத்தில் இவ்வளவு கவலை இருக்கவில்லை. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு 'மாடல் டி' காரில், காலால் மிதிக்கிற பிரேக் கியர்ப் பெட்டிக்குள் ஒரு பட்டையை இறுக்கியது. கைப்பிடி பின்சக்கரங்களைப் பிடித்தது. முன்சக்கரத்துக்குப் பிரேக்கே இல்லை. அதனால் வியாதியைக் கண்டுபிடிப்பது சுலபம். கார் ஆடினால் ஸ்டியரிங்கைப் பார். நிற்காவிட்டால் பிரேக்கைப் பார்.

கார்கள் வேகம் பிடித்ததும் இந்தச் சௌகரியம் போய்விட்டது. ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே தரையை அதிகமாகப் பற்றி நிறுத்தக் கூடியவை முன்சக்கரங்களே. ஆனால் திரும்புகிற சக்கரத்தில் பிரேக் வைத்தால் என்ன ஆகும்? வலது பக்கம் ஒரு நூல் அதிகமாகப் பிடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக் கொண்டு போகாதா? 1923-ல் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் கம்பெனி நாலு சக்கரப் பிரேக்கைக் கொண்டுவந்தபோது, அது அபாயமானது என்று போட்டிக் கம்பெனிகள் பிரசாரம் செய்தன. வியாபாரப் பொறாமை இருந்தது உண்மை. ஆனால் பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும் இழுத்த பிரேக்கில் நாலு சக்கரத்தையும் ஒரே அளவாக வைத்திருப்பது, நாலு மருமகள்களை ஒரே மாதிரி நடத்துவதைப் போன்ற காரியம்.

இதற்கு எண்ணெயால் வழி சொன்னவர் மால்கம் லாக்ஹீட். அவர் குடும்பப் பெயரின் எழுத்துக்களை அமெரிக்கர்களே கண்டபடி உச்சரித்ததால், உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்தை மாற்றிக் கொண்டவர். ஆகாய விமானம் கட்டிய ஆலன் லாக்ஹீட் இவருடைய சகோதரர். மூடிய குழாயில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் பழைய விதியே இவருடைய மூலதனம். 1921-ல் பிரான்சின் ல மான் ஊரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், நாலு சக்கரத்திலும் எண்ணெய்ப் பிரேக் கொண்ட டூசன்பர்க் காரை ஓட்டி ஜிம்மி மர்ஃபி ஜெயித்தார். ஒத்திகை ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி, உடம்பில் கட்டுப் போட்டுக் கொண்டு வந்து ஓட்டிய வெற்றி அது. 1924-ல் கிரைஸ்லர் கார் எண்ணெய்ப் பிரேக்கை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது. ஹென்றி ஃபோர்டு மட்டும் மசியவில்லை. இரும்பை நம்பலாம், எண்ணெயை நம்பக் கூடாது என்ற பிடிவாதத்தில் 1939 மாடல் வரை காலம் தள்ளினார்.

எண்ணெய்ப் பிரேக் பழுது பார்ப்பவருக்கு ஒரு பெரிய உபகாரம் செய்தது. அழுத்தம் எல்லாச் சக்கரத்துக்கும் சமம் என்றால், கார் ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணம் ஏதோ ஒரு சக்கரத்திலோ, அதற்குப் போகிற குழாயிலோதான் இருக்க வேண்டும். தேட வேண்டிய இடம் குறுகிவிட்டது.

நம் நாட்டு அம்பாஸடரையே எடுத்துக் கொள்ளுங்கள். பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, 1957-ல் வந்து, 2014 வரை உத்தர்பாராவில் தயாரான கார். பல வருஷங்கள் அதற்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அப்படி ஒரு பழைய வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நம் சாலைகள் இடது ஓரம் சரிந்திருப்பவை; கொஞ்சம் இழுப்பது சாலையின் குணம். ஆகவே சமமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெள்ள ஓட்டிப் பார்க்க வேண்டும். பெடலைத் தொடாமலே இழுத்தால் முதலில் டயர் காற்று, பிறகு சக்கரங்களின் நேர். பெடலை மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இடப்பக்கம் இழுத்தால் இடது சக்கரத்தையே கழற்றுவார்கள். அது பாவம், தன் கடமையை ஒழுங்காகச் செய்து கொண்டிருக்கும். வலது வீல் சிலிண்டர் இறுகிப் போயோ, கசிந்து லைனிங்கை நனைத்தோ வேலை நிறுத்தம் செய்திருக்கலாம்.

ஸ்டியரிங் வியாதி போல வேஷம் போடுகிற பிரேக் உண்டு. காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் விடாமல் பிடித்திருந்தால் கார் எப்போதும் அந்தப் பக்கம் சாயும். பத்து மைல் ஓட்டி நிறுத்தி, டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எது என்று சூடே சொல்லிவிடும். வெளியே புதிது போல இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, போகிற எண்ணெயைத் திரும்ப விடாமல் தடுப்பதும் இதற்கு ஒரு காரணம்.

பிரேக் போல வேஷம் போடுகிற ஸ்டியரிங்கும் உண்டு. மிதித்ததும் முன்பக்கம் நடுங்கினால், ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் பேரிங்கா, கிங் பின்னா? ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனை.

பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று. அழுத்தி வைத்த காலின் கீழ் பெடல் மெள்ள மெள்ள இறங்கினால், கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியே ஒரு சொட்டும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் போய்விட்டது. இது விளையாட்டில்லை. அமெரிக்காவில் 1968-ல் சட்டம் கட்டாயப்படுத்தியது போன்ற இரட்டை வழி ஆரம்ப கால அம்பாஸடர்களில் கிடையாது. ஒரே வழியில் எண்ணெய் நின்றால் நாலு சக்கரமும் போயிற்று. அப்படிப்பட்ட காரை வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகக் கூடாது. கட்டி இழுத்தும் போகக் கூடாது. பின்னால் வருகிறதற்குத்தான் பிரேக் இல்லையே! மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துக் காப்பி கொடுப்பது உத்தமம்.