வண்டி கிளம்பலைன்னா: நம்ம கைக்கு ஸ்கூட்டர் வந்த வரலாறு



நம்ம மலருக்கு சேமிப்பு, கடன், சாமை வியாபாரம்னு நிறைய பேர் எழுதுவாங்க. நான் ஸ்கூட்டரைப் பற்றி எழுதுறேன். ஜமுனாமரத்தூரில் இருந்து போளூர் பக்கமோ ஆலங்காயம் பக்கமோ இறங்கும்போது நடுவழியில் வண்டி நின்னுட்டா, கூப்பிடு தூரத்தில் மெக்கானிக் கிடையாது. கூடவே குழந்தை இருக்கும், பையில் குழுப் பணம் இருக்கும்.

1972-இல் புனே பக்கம் லூனா வந்தது. 1980-இல் நம்ம ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. ரெண்டு பேர் உட்காரலாம், மூட்டையும் வைக்கலாம். பெடல் இருந்ததால் இன்ஜின் நின்னாலும் சமதரையில் மிதிச்சே வீடு சேரலாம். மேட்டில் அது நடக்காது, இறங்கித் தள்ளணும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊத்துற வண்டி அது. ஆயில் கூடிட்டா பிளக்கில் கரி பிடிச்சு ஸ்டார்ட் ஆகாது. குறைஞ்சா இன்ஜினே கெட்டுப்போகும். ஓட்டினது பெரும்பாலும் ஆம்பளைங்க. நாம பின்னாடி, மூட்டையோட மூட்டையா உட்கார்ந்திருந்தோம்.

பொம்பளை வண்டி ஓட்டுறதுக்கு வழி விட்டது சைக்கிள்தான்னு நான் சொல்வேன். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்க. கல்குவாரியில் கல் உடைச்ச பெண்கள், கூலிக்காரப் பெண்கள் எல்லாம் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஆம்பளை சைக்கிளையே வாங்கினாங்க. முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. ஊரில் கேலி பேசாம இல்லை. ஆனா தண்ணிக் குடம், சந்தைச் சாமான், பிள்ளை எல்லாம் அந்தச் சைக்கிளில் ஏறிடுச்சு. அப்புறம் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்க யாருக்கு மனசு வரும்?

1984-இல் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் இல்லை, பட்டனை அழுத்தினா ஸ்டார்ட். 1994-இல் ஸ்கூட்டி. புடவை கட்டிக்கிட்டு கிக்கரை உதைச்சவங்களுக்குத்தான் அந்தப் பட்டனோட அருமை தெரியும்.

நம்ம குழுக்களும் அதே காலத்தில் வளர்ந்ததுதான். 1989-இல் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு தொடங்கினது, 1997-98-இல் மகளிர் திட்டமா விரிஞ்சது. 2018 பிப்ரவரி 24-இல் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. பாதி விலை அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். மலைப்பகுதிப் பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்தாங்க, ஊராட்சிக் கூட்டமைப்பில் வேலை செய்றவங்களும் கேட்கலாம்னு இருந்தது. லைசென்ஸ் கேட்டாங்க. ரிப்பேர் தெரியுமான்னு யாரும் கேட்கலை!

அதைத்தான் நாம கத்துக்கணும். செல்ஃப் எடுக்கலைன்னா முதல்ல பிரேக்கைப் பிடிச்சிருக்கோமான்னு பாருங்க. பிடிக்காம பட்டனை அழுத்தினா வேலை செய்யாது. புது வண்டிகள் பலதில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் கிளம்பாது. ஹாரன் சத்தம் மந்தமா இருந்தா பேட்டரி இறங்கியிருக்கு. பட்டனை விடாம அழுத்தினா இருக்கிற சார்ஜும் போயிடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு கிக் அடிங்க. ஆம்பளைங்க பைக்கைச் சரிவில் உருட்டி கியர் போட்டு ஸ்டார்ட் பண்றாங்களே, அது நம்ம கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு ஆகாது. எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் இன்ஜினைச் சுத்தாது.

கார்புரேட்டர் வண்டின்னா மார்கழிக் குளிரில் சோக் போட்டு ஸ்டார்ட் பண்ணணும், சூடானதும் எடுத்துடணும். பெட்ரோல் வாடை தூக்கலா அடிச்சா பிளக் நனைஞ்சிருக்கும். இன்ஜின் ஆறினதும் பிளக் ஸ்பேனரால் கழட்டித் துடைச்சு, கரியைச் சுரண்டி மாட்டுங்க. இருபது நிமிஷ வேலை.

2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெட்ரோலை அளந்து தெளிக்கிறது கம்ப்யூட்டர். சோக் போடுற வேலை இல்லை. சாவியைத் திருப்பினதும் ரெண்டு விநாடி ‘உஸ்’னு பம்ப் சத்தம் கேட்கும், காது கொடுத்துப் பழகிக்குங்க. அது கேட்கலைன்னா ஃபியூஸைப் பாருங்க. பல வண்டிகளில் அந்தப் பெட்டிக்குள்ளேயே மாற்று ஃபியூஸ் ஒண்ணு வச்சிருப்பாங்க.