தேவரம் என்றால் 248

1825ஆம் ஆண்டு சென்னையில் அச்சான 'கால சங்கலித' என்ற நூல், தென்னிந்தியர் காலத்தைக் கணக்கிடும் முறைகளைப் பற்றியது. எழுதியவர் ஜான் வாரன். பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, பிரிட்டிஷ் படையில் அதிகாரியானவர். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் ஏற்றிருந்தவர். அட்டவணைகள் மண்டிய அந்த நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதிதான் என்னை இந்தத் தேடலுக்குள் இழுத்தது.

அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி அமர்கிறார். கையில் ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. சில சொற்களை முணுமுணுத்தபடி சோழிகளைக் கூட்டுகிறார், குறைக்கிறார், இடம் மாற்றுகிறார். முடிவில் 1825 மே 31ஆம் தேதி இரவின் சந்திர கிரகணம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று சொல்லிவிடுகிறார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். வானியலின் கோட்பாடு இவருக்கு ஒரு சொல்லும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்பது வாரனின் தீர்ப்பு.

கோட்பாடு தெரியாத ஒருவரால் கிரகணத்தை எப்படிக் குறிக்க முடிந்தது? அவர் முணுமுணுத்த சொற்கள் எவை? இந்த இரண்டு கேள்விகளோடு நூலுக்குள் போனேன்.

வாரன் சில சொற்களைக் கேட்டபடி ரோமன் எழுத்தில் பதிந்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். அவற்றுள் ஒன்று தேவரம், அதன் எதிரே 248. குறில் நெடில் காட்டாத அந்த எழுத்துக்கூட்டலைத் தமிழர் யார் பார்த்தாலும் முதலில் 'தேவாரம்' என்றுதான் வாசிப்பார்கள். பாடல்பெற்ற தலங்களின் எண்ணிக்கையோ, பதிகக் கணக்கோ என்று மனம் ஓடும். ஆனால் அடுத்து நிற்கும் சொல் காலநிலம், எண் 3031. அதற்கடுத்தது ரசகெரிகா, எண் 12372. இந்த மூன்றையும் பக்தி இலக்கியத்தோடு இணைக்க வழியே இல்லை.

திறவுகோல் சங்கீதத்தில் இருந்தது. மேளகர்த்தா ராகங்களின் பெயர்களில் முதல் இரண்டு எழுத்துகள் அந்த ராகத்தின் வரிசை எண்ணைச் சொல்லும் என்பது பாட்டு கற்றவர்கள் அறிந்த செய்தி. மாயாமாளவகௌளையின் 'மாயா' 15 என்று சொல்லும். மேசகல்யாணியின் 'மேச' 65 என்று சொல்லும். இதற்குக் கடபயாதி என்று பெயர். வடமொழி எழுத்து வரிசையில் க, ட, ப, ய ஆகிய நான்கிலிருந்தும் 1 என்று எண்ணத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மெய்யும் ஓர் இலக்கம் ஆகும். க, ட வரிசைகளில் பத்தாவதாக வருவது சுழி. மெய்யோடு சேர்ந்த உயிருக்குத் தனி மதிப்பில்லை, உயிரில்லாத ஒற்றுக்கும் இல்லை. கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாகத் திருப்பி வாசிக்க வேண்டும்.

தேவரத்தை இந்தத் தராசில் வைத்தேன். 'தே' ட வரிசையில் எட்டாவது எழுத்து. 'வ' என்பது ய, ர, ல, வ என்ற வரிசையில் நான்காவது. 'ர' இரண்டாவது. 8, 4, 2. திருப்பினால் 248. காலநிலத்தில் கா 1, ல 3, நி 0, ல 3. திருப்பினால் 3031. ரசகெரிகாவில் 2, 7, 3, 2, 1. திருப்பினால் 12372. மூன்றும் எழுத்துப் பிசகாமல் பொருந்தின. வாரன் எதிரே எழுதிவைத்த எண்கள் அந்தச் சொற்களுக்கு உள்ளேயே இருந்தவை. தேவரத்தை நெடிலாக்கித் தேவாரம் என்று வாசித்தாலும் அதே 248தான் வரும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் எழுத்தில் 'த' ஒன்றுதான். வடமொழியில் அது நான்காகப் பிரிந்து 6, 7, 8, 9 என்று நான்கு மதிப்பு பெறும். தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைத்தால் எண் குழம்பிவிடும். இத்தகைய சொற்களைக் கிரந்த எழுத்தில் எழுதினால், அல்லது குரு சொல்லக் கேட்டு உச்சரிப்போடு மனப்பாடம் செய்தால் இந்தக் குழப்பம் இல்லை. புதுச்சேரிக்காரர் ஏட்டைத் தேடாமல் வாயைத் திறந்ததற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, ஏன் 248? நிலவு ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு மிகத் தொலைவில், அதாவது தன் உச்சத்தில் இருக்கும்போது மெதுவாகப் போகும். அருகே வரும்போது விரையும். உச்சத்திலிருந்து மீண்டும் உச்சத்துக்கு வர ஏறக்குறைய 27.55 நாள். இந்தப் பின்னம்தான் தொல்லை. சூரிய உதயத்தில் தொடங்கிய சுற்று இன்னொரு சூரிய உதயத்தில் முடிவதில்லை. ஆனால் ஒன்பது சுற்றுகளைச் சேர்த்தால் கிட்டத்தட்ட முழுதாக 248 நாள் கிடைக்கும். மிச்சம் கால் மணி நேரத்துக்கும் குறைவு. 110 சுற்றுகளைச் சேர்த்தால் 3031 நாள், மிச்சம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 449 சுற்றுகள் சேர்ந்தால் 12372 நாள். ஆகவே 248 நாட்களுக்கு, நாளுக்கு ஒன்றாக நிலவின் இடத்தைக் குறித்துவிட்டால் போதும். அதன்பின் அதே வரிசை திரும்ப வரும்.

வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் செய்வது இதைத்தான். ஒவ்வொன்றும் பொருளுள்ள குட்டி வடமொழித் தொடர். முதல் வாக்கியம் நல்ல சொல்லே நமக்கு மேன்மை என்ற கருத்தில் அமைந்தது. அதன் இலக்கங்களைத் திருப்பினால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). இரண்டாவது, பசுக்களைச் செல்வம் என்கிறது. அதற்குள் 24 பாகை 9 கலை. மூன்றாவது ருத்திர வணக்கம், அதற்குள் 36 பாகை 22 கலை. முதல் நாள் நடை 12 பாகை 3 கலை, இரண்டாம் நாள் 12 பாகை 6 கலை, மூன்றாம் நாள் 12 பாகை 13 கலை. உச்சத்தை விட்டு இறங்கும் நிலவு வேகம் கூட்டுவது அப்படியே தெரிகிறது. சுகம் உண்டாகட்டும் என்று வாழ்த்தும் கடைசி வாக்கியம், 248ஆம் நாள் நிலவு நிற்கும் 27 பாகை 44 கலையைச் சொல்லி முடிக்கிறது.

சொற்கள் புரிந்துவிட்டன. கணக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கலியுகத் தொடக்கமான கி.மு. 3102 பிப்ரவரி 18 முதல் 1825 மே 31 காலை வரை கழிந்த நாட்களை எண்ணினால் 1799312 வரும். ஏழால் வகுத்துக் கிழமையைச் சோதித்தால் செவ்வாய், சரியாக இருக்கிறது. வாரன் தரும் எண்களுள் மிகப் பெரியது 1600984. அதைக் கழித்தால் மீதி 198328. அதில் 12372 பதினாறு முறை போகிறது, மீதி 376. 3031 போகாது. 248 ஒருமுறை போகிறது, மீதி 128. அப்படியானால் அன்றைக்குரியது 128ஆம் வாக்கியம். கழித்த ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய பாகைகளை இதனோடு கூட்டினால் நிலவு சுமார் 215 பாகையில், விருச்சிகத்தின் தொடக்கத்தில் நிற்கிறது. சூரியன் அன்று ரிஷபத்தின் நடுவைத் தாண்டிச் சுமார் 48 பாகையில். நேர் எதிரே வர நிலவுக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு நாள் நடை தேவை. மே 31 காலைக்கும் அன்று இரவின் கிரகணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தோடு இது இசைகிறது. நான்கு எண்கள், ஒரு மீதி, ஒரு வாக்கியம். இதுதான் சோழிகள் செய்த வேலையின் முதல் பகுதி.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு தடயம் அகப்பட்டது. 1600984 நாட்களைக் கலியுகத் தொடக்கத்தோடு கூட்டினால் அது ஒரு தேதியாகிறது: கி.பி. 1282 மே 22. அன்றைய சூரிய உதயத்தில் நிலவு தன் உச்சத்தில் இருந்ததாக வைத்துக்கொண்டு யாரோ கணக்கைப் புதுப்பித்திருக்கிறார்கள். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் 1962இல் சென்னையில் பதிப்பித்த 'வாக்கியகரணம்' என்ற நூலும் ஏறக்குறைய கி.பி. 1300இல், காஞ்சி வட்டாரத்தில் உருவானதாகக் கருதப்படுகிறது. நூலாசிரியரின் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் அவர் தலைமுறை தொட்ட எண்ணைத்தான் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரியில் ஒருவர் சோழியால் கழித்துக்கொண்டிருந்தார்.

வாரனுக்கு முன்பே இதற்கு ஒரு சாட்சி உண்டு. வெள்ளி, சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி, 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கடலிலேயே அந்த நாளைக் கழித்தார். அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருந்து 1769இல் புதுச்சேரியிலிருந்தே பார்க்க முயன்றபோது மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அங்கிருந்த நாட்களில் அவர் தமிழ்நாட்டுக் கணிதர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 வினாடி கூடியது. ஒரு கிரகணத்தை வைத்து இரு மரபுகளையும் எடைபோட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் இந்த மரபு குருட்டுப் பழக்கமாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு நெருங்கியிருக்க முடியாது.

தடம் இங்கே நிற்கவில்லை. 1952இல் ஓட்டோ நியூகெபவர் என்ற வரலாற்றறிஞர் தமிழ் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனியக் களிமண் பலகைகளைக் கணிதமாக வாசித்துக்காட்டிய அவருக்கு, வாரனின் பக்கங்களில் இருந்த 248 ஏற்கெனவே தெரிந்த முகம். கிரேக்க அரசர்கள் ஆண்ட காலத்துப் பாபிலோனியப் பலகைகளில் அது இருக்கிறது. எகிப்தில் கிடைத்து இப்போது மான்செஸ்டரில் உள்ள, கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் 248உம் 3031உம் சேர்ந்தே வருகின்றன. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த 'பஞ்சசித்தாந்திகா'வில், வசிட்டரின் பெயரால் வரும் பகுதியிலும் அதே இணை. எல்லார் தலைக்கு மேலும் ஒரே நிலவுதான், 248ஐ யாரும் தனித்தே கண்டிருக்கலாம். ஆனால் 248, 3031 என்ற இரண்டும் கைகோத்து, ஒரே வேலைக்காக வந்து நிற்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எண்கள் பயணம் செய்திருக்கின்றன. அவற்றை மனப்பாடத்துக்குரிய வாக்கியங்களாக்கி ஊர்ப் பஞ்சாங்கக்காரரின் நாவில் வைத்தது நம் தென்னாடு.

அந்த எண்கள் இன்றும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. பாம்புப் படம் போட்ட வாக்கியப் பஞ்சாங்கம் இந்த மரபின் வாரிசு. திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டது. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் நடந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20இல் நடந்தது. ஏறக்குறைய பதினொரு மாத இடைவெளி. லட்சக்கணக்கானோர் எந்த நாளில் நளதீர்த்தத்தில் நீராடுவது என்பதைப் பழைய அட்டவணை ஒன்று இன்னும் தீர்மானிக்கிறது.

இதை வைத்து வாக்கிய முறையையே பொய் என்பவர்களும் இருக்கிறார்கள், அதில் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். தடயங்கள் இருவருக்கும் எதிராகவே பேசுகின்றன. 1282ஐத் தொடக்கமாக வைத்தவர் பழைய கணக்கைத் திருத்தியவர். கேரளத்தில் சங்கமகிராம மாதவர் சந்திர வாக்கியங்களை விகலை (60 விகலை ஒரு கலை) அளவுக்கு நுட்பமாக்கினார். பரமேசுவரர் பல்லாண்டு வானத்தைப் பார்த்து 1431இல் 'திருக்கணிதம்' என்ற நூலையே இயற்றினார். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்த அவர், வானத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடினார். 1874இன் வெள்ளிக் கடப்பைப் பற்றி நம் மொழிகளில் எழுதி மக்களுக்கு விளக்கினார். திருத்துவதுதான் இந்த மரபின் உண்மையான வழக்கம்.

வாரனின் தீர்ப்புக்கு வருகிறேன். கோட்பாடு தெரியாதவர் என்று அவர் சொன்ன மனிதர், எந்த எண்ணை எப்போது கழிக்க வேண்டும், மீதியை எந்த வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு எதைக் கூட்ட வேண்டும் என்பதைத் தவறாமல் அறிந்திருந்தார். அந்த வரிசைக்குள்தான் நிலவின் வேக மாற்றம் பற்றிய முழு அறிவும் அடங்கியிருக்கிறது. பேசத் தெரிந்தால் மட்டுமே அறிவு, செய்யத் தெரிந்தால் வெறும் நினைவு என்ற அளவுகோலை நான் ஏற்கவில்லை. கோட்பாட்டு நூல் எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்தக் கணக்கை ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக அன்றாடம் செய்துகாட்டியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் வரலாற்றில் ஏறவில்லை. பஞ்சாங்கம் கணித்த குடும்பங்களில் கிரந்த ஏடுகள் இன்னும் மிஞ்சியிருக்கலாம். வாக்கியங்களை உச்சரிப்புப் பிசகாமல் சொல்லத் தெரிந்த முதியவர்களும் இருக்கலாம். அவர்களிடம் ஏட்டை மட்டும் வாங்கி வராமல், எதிரே அமர்ந்து, அவர்கள் கணக்குப் போடும் முறையைச் சொல்லச் சொல்லப் பதிந்துகொள்ள வேண்டும். ஏடு எண்ணைத்தான் தரும். அதை எந்த வரிசையில் வைத்து எண்ணுவது என்பது அவர்கள் கையில் இருக்கிறது.